திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும்: பிராண்டு கோட்டுக்கும் பைக்கும் எங்கே போவது?

புதுவரவு:
வணக்கம். நான் இங்கிலாந்துக்கு வந்து மூன்று வாரங்களே ஆகின்றன. வரும் திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். நேர்காணலுக்குப் போன இடத்தில் பெண்கள் பலரும் விலையுயர்ந்த பிராண்டுகளான பர்பெரி கோட்டும் மல்பெரி பையுமாக நின்றதைக் கண்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. போதாக்குறைக்கு, ஊரிலிருந்து கொண்டுவந்த தோல்பையின் வார் நேற்றுப் பேருந்தில் அறுந்துவிட்டது. ஒரு வாட்ஸ்அப் குழுவில் மல்பெரியின் ‘ஃபர்ஸ்ட் காப்பி’யை, அதாவது அசலைப் போலவே செய்த போலியை, நாற்பது பவுண்டுக்குத் தருகிறார்கள், இன்றிரவுக்குள் பணம் அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?

லண்டன் பழசு:
சகோதரி, 2009 டிசம்பரில் நான் வந்திறங்கியபோது என்னிடம் இருந்தது தி.நகரில் வாங்கிய ஒரே ஒரு ஸ்வெட்டர்தான். அதை அணிந்துகொண்டு பனியில் இரண்டு மாதம் பேருந்துக்குக் காத்திருந்ததை இன்று நினைத்தாலும் விரல் விறைக்கிறது. அப்போது யாரும் எனக்கு வழி சொல்லவில்லை, ஆகவே நான் சொல்கிறேன்: மெரில்போன் நிலையத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பிஸ்டர் வில்லேஜ் என்ற அவுட்லெட் (தள்ளுபடிக் கடைகள்) வளாகம் வந்துவிடும். பெரிய பிராண்டுகள் பல அங்கே தள்ளுபடியில் கிடைக்கும். பிறர் போட்டுக் கழித்ததை மட்டும் வாங்காதீர்கள். முதல் நாளே பழந்துணியோடு போவது நல்லதல்ல.

ஆம்பூர்க்காரன்:
அண்ணன் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அவுட்லெட் கடைகளில் இருப்பவை எல்லாம் மிச்சச் சரக்கு அல்ல. அவுட்லெட்டுக்கென்றே தனியாகச் செய்யப்படுபவையும் அவற்றில் உண்டு. என் அப்பா தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பையைக் கையில் எடுத்தால் முதலில் அதன் வெட்டு விளிம்பைப் பார்க்கச் சொல்வார். நல்ல தோலில் நார் நாராக ஒரே சதையாக இருக்கும். மட்டமானதில் துணியின் மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருப்பது நகத்தால் நெருடினாலே தெரியும். ‘ஜெனுயின் லெதர்’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் வைத்துத் தரத்தை முடிவு செய்யாதீர்கள். பத்து ஆண்டு உழைத்த நல்ல தோல்பை, புதிய மட்டமான பையைவிட மேல். அந்தக் காப்பிக்குப் பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும் போலிகளைச் சுங்கத்துறை கைப்பற்றினால் பையும் இல்லை, பணமும் இல்லை.

குரோய்டன் அம்மா:
இந்தக் கூத்துக்கு நம் ஆட்களும் காரணம். பிறந்தநாள் விழாவுக்குப் போனால் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் என் பையில் உள்ள முத்திரையைத்தான் பார்க்கிறார்கள். முன்பு ஊரிலிருந்து வரும் உறவினர்கள் இங்கே வாங்கிய பொருளுக்கு விமான நிலையத்தில் வாட் வரியைத் திரும்பப் பெறுவார்கள். 2021 தொடக்கத்தோடு அதையும் நிறுத்திவிட்டார்கள்.

லண்டன் பழசு:
வரியை விடுங்கள், அறை வாடகையைப் பற்றிக் கேளுங்கள், நான் சொல்கிறேன்.

புதுவரவு:
மன்னிக்கவும், நான் இருப்பது லண்டனில் அல்ல, லீட்ஸில். கோட்டு, பை, காலணி எல்லாம் சேர்த்து என்னால் நூற்றைம்பது பவுண்டுதான் செலவழிக்க முடியும். வேலை மருத்துவ ஆய்வகத்தில். உள்ளே சீருடை தருகிறார்கள். நேர்காணல் நடந்தது தலைமை அலுவலகத்தில்.

லீட்ஸ் லதா:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பேச்சு பிஸ்டர் வரை போயிருக்க வேண்டாமே, அம்மா! சீருடை தருகிறார்கள் என்றால் உங்கள் கோட்டு அலமாரியில்தான் தொங்கும். குளிருக்கு அடக்கமாக இருந்தால் போதும். சனிக்கிழமை காலை லீட்ஸ் நிலையத்திலிருந்து இல்க்லிக்கு ரயில் ஏறுங்கள், அரை மணி நேரப் பயணம். வசதியானவர்கள் வாழும் ஊர் என்பதால், மக்கள் நன்கொடையாகத் தரும் பழைய பொருட்களை விற்கும் அங்குள்ள அறக்கட்டளைக் கடைகளுக்கு வரும் துணியும் நல்ல துணியாகவே இருக்கும். கோட்டின் உள்பக்கச் சீட்டில் கம்பளி எழுபது சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அக்ரிலிக் என்ற செயற்கை இழை அதிகமானால் சீக்கிரமே முடிச்சு முடிச்சாகத் திரளும். அக்குளையும் உள்துணியையும் சோதித்த பிறகு, துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பூச்சி அரித்த துளை இருக்கிறதா என்று பாருங்கள். தோள் பொருந்தினால் வாங்கலாம். கை நீளத்தைத் தையற்காரர் சரிசெய்வார், தோளைச் சரிசெய்யச் செலவு கூடும். பழைய துணி விற்கும் விண்டெட் செயலியில் இன்னும் மலிவாகக் கிடைக்கும், ஆனால் திங்களுக்குள் வந்து சேரும் என்று நம்ப முடியாது. காலணிக்கு டி.கே.மேக்ஸ் என்ற தள்ளுபடிக் கடை போதும்; நடந்து பார்த்து வாங்குங்கள். மற்றபடி, பையை ஏன் மாற்ற வேண்டும்? அறுந்தது வார்தானே? கிர்க்கேட் சந்தைக்குக் கொண்டுபோய்ப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். 1884-இல் மைக்கேல் மார்க்ஸ் ஒரு பென்னிக் கடை போட்டது அந்தச் சந்தையில்தான்; அதுதான் பின்னாளில் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் என்ற பெரிய கடை நிறுவனமாக வளர்ந்தது. பிராண்டு மோகத்துக்கும் ஒரு தீனியாயிற்று.

புதுவரவு:
இல்க்லியில் கருநீலக் கம்பளிக் கோட்டு இருபத்தெட்டு பவுண்டுக்குக் கிடைத்தது. ஒரு பொத்தான்தான் குறைகிறது. வாரை எட்டு பவுண்டுக்குத் தைத்துக் கொடுத்தார்கள். தைத்தவர் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, இது எந்த ஊர்த் தோல் என்று கேட்டார். அந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிவிட்டேன். பொத்தான் எங்கே கிடைக்கும், லதா அக்கா?

லீட்ஸ் லதா:
அதே சந்தையில் துணிக்கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் வாங்கினால் நிறம் ஒட்டாது, எல்லாப் பொத்தான்களையும் மாற்றிவிடுங்கள்.