மாட் 2147483647, பேஸ் 256: ஹாஷ் ஏன் மோதுகிறது?

கேள்வி
ரோலிங் ஹாஷில் (ஒவ்வோர் எழுத்தின் எண்ணையும் அதன் இடத்துக்கேற்ற பேஸின் அடுக்கால் பெருக்கிக் கூட்டி, மாட்டால் வகுத்த மீதி) மாட் 2³¹ − 1, பேஸ் 256. 40 எழுத்துள்ள சரத்தில் 1-ஆம் எழுத்தையும் 32-ஆம் எழுத்தையும் இடம் மாற்றினாலும் அதே ஹாஷ் வருகிறது. 1-ஐயும் 31-ஐயும் மாற்றினால் ஹாஷ் மாறுகிறது. பேஸ் 257 என்றால் இந்தத் தொல்லை இல்லை. 2147483647 உண்மையிலேயே பகா எண்தானா? எப்படிச் சரிபார்ப்பது?

பதில் 1
பகா எண்தான். கோளாறு பேஸில் இருக்கிறது. 2³¹-ஐ இந்த எண்ணால் வகுத்தால் மீதி 1. அதனால் 2-ஆல் பெருக்குவது 31 பிட்டுகளை ஓர் இடம் சுழற்றுவதற்குச் சமம். இடது ஓரத்தில் வெளியேறும் பிட் வலது ஓரத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். 256 என்பது 2⁸, ஆக எழுத்துக்கு 8 இடம். 31 எழுத்து தள்ளினால் 248 இடம், சரியாக 8 முழுச் சுற்று. எடை (எழுத்தைப் பெருக்கும் பேஸின் அடுக்கு) பழையபடி 1-க்கே வந்துவிடுகிறது. அதனால்தான் 1-க்கும் 32-க்கும் ஒரே எடை.

31-ஆம் அடுக்கில் மீதி 1 தரும் எண்கள் மொத்தமே 31: 1, 2, 4 முதல் 2³⁰ வரை. 257 அந்தப் பட்டியலில் இல்லை. 128, 512, 65536 எல்லாம் இருக்கின்றன. இவற்றில் எதையும் பேஸாக வைக்காதீர்கள்.

பதில் 2
பகா எண்தான் என்பதை ஆய்லர் 1772-இல் கையாலேயே நிறுவினார். இதற்குப் பகாக் காரணி இருந்தால் அதை 62-ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும். 8-ஆல் வகுக்க 1 அல்லது 7. இரண்டையும் சேர்த்தால் 248க + 1, 248க + 63 என்ற இரு வடிவங்களே மிஞ்சும். வர்க்கமூலம் 46340-ஐச் சற்றே தாண்டுவதால், அதுவரை அந்த வடிவிலுள்ள பகா எண்களால் (311, 1303, 1489…) வகுத்துப் பார்த்தால் போதும். நூற்றுக்கும் குறைவான வகுத்தல்கள்! எனக்கு மிகப் பிடித்த நிறுவல்களில் ஒன்று.

கணினியில் லூக்காஸ்–லேமர் சோதனை (இவ்வகை 2-இன் அடுக்கு − 1 எண்கள் பகா எண்ணா என்று பார்ப்பது) இன்னும் சுருக்கம். 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2 கழித்து மீதி எடுங்கள்: 14, 194, 37634… 29-ஆவது படியில் 0 வந்தால் பகா எண். 64 பிட் அன்சைன்ட் (குறை எண் வைக்காத) எண் போதும். இடையில் மீதி 0 அல்லது 1 வந்தால் 2 கழிக்கும்போது எண் சுற்றிக்கொண்டு போய்விடும் என்பதால், கழிக்கும் முன் மாட்டைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேட்டவர்
நன்றி, பேஸை மாற்றிவிட்டேன். வகுத்தலைத் தவிர்க்க, பெருக்கி வந்த எண்ணின் கீழ் 31 பிட்டையும் மேல் பிட்டுகளையும் கூட்டுகிறேன். சில சமயம் 0 வரவேண்டிய இடத்தில் 2147483647 வருகிறதே?

பதில் 1
கூட்டிய பிறகு, மாட்டைவிடப் பெரியதா என்று மட்டும் பார்க்கிறீர்கள் போலிருக்கிறது. சமமாக இருந்தாலும் கழிக்க வேண்டும். இரண்டு மீதிகளின் பெருக்கலுக்கு ஒரு கழித்தலே போதும். கூட்டுத்தொகை 2³¹-ஐத் தாண்டும், அதைச் சைன்ட் (குறை எண்ணும் வைக்கும்) 32 பிட்டில் வைக்காதீர்கள்.

பதில் 3
சரங்கள் எத்தனை? மாட் 2³¹ அளவு என்றால் ஏறத்தாழ 54,500 சரங்களிலேயே ஏதோ ஒரு ஜோடி மோத பாதிக்குப் பாதி வாய்ப்பு. லட்சக்கணக்கில் இருந்தால் 2⁶¹ − 1-க்குப் போங்கள். அதுவும் பகா எண், அதே பிட் கூட்டல் உத்தி அங்கும் செல்லும். பெருக்கலுக்கு மட்டும் 128 பிட் வேண்டும். 2-இன் அடுக்குகளைப் பேஸாக வைக்கக்கூடாது என்பது அங்கும் உண்டு, சுற்று 61. நிரலை ஓட்டும்போதெல்லாம் பேஸைத் தற்செயலாக எடுங்கள். நிரலிலேயே எழுதிவைத்த பேஸுக்கு மோதும் சரங்களை யாரும் முன்கூட்டியே தயாரித்துவிடலாம்.