ஊர்ப்பெயரே விலங்குப் பெயராக இருப்பவை: உதவி தேவை

நண்பர்களே, பிள்ளைகளுக்கான வினாடி வினாவுக்காக ஒரு பட்டியல் திரட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரே லத்தீன் எழுத்துகளில் ஊரும் இருக்க வேண்டும், விலங்கின் பேரினமும் (genus, நெருங்கிய இனங்களைச் சேர்த்த தொகுதி) இருக்க வேண்டும்.

இதுவரை கிடைத்தவை: லிமா, பெருவின் தலைநகர். சிப்பிகளில் ஒரு பேரினமும் லிமாதான். லத்தீனில் அரம் என்று பொருள். ஓடு அரம் போலச் சொரசொரப்பாக இருக்கும். மெக்சிகோவில் மொரேலியா நகரம் உண்டு, மொரேலியா மலைப்பாம்புகளும் உண்டு. சிலியில் பிகா என்ற சிற்றூர். ஐரோப்பிய மாக்பை பறவையின் அறிவியல் பெயரோ பிகா பிகா.

எனக்குப் பிடித்தது ஆக்ரா. தாஜ்மகால் ஊர் பெயரிலேயே அமெரிக்கக் கண்டத்து வெப்பக் காடுகளில் ஒரு வண்டுப் பேரினம்! டெர்ரி எர்வின் என்ற பூச்சியியலாளர் அதில் ஓர் இனத்துக்கு 'ஆக்ரா ஃபோபியா' என்றே பெயர் வைத்துவிட்டார் ('அகோராஃபோபியா', அதாவது திறந்தவெளி அச்சம், என்ற சொல்லை நினைவூட்டும்படி). குறும்புக்கார மனுஷன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்திய, இலங்கை ஊர்களில் இப்படி வேறு ஏதாவது தெரியுமா? 'இண்டிகா' மாதிரி இடத்தை வைத்தே சூட்டிய பெயர்கள் வேண்டாம், தற்செயலாகப் பொருந்தியவை மட்டும். மீன், பூச்சி ஆர்வலர்கள் கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். லத்தீன் எழுத்துக்கூட்டலைச் சரிபார்த்துவிட்டுப் போட்டால் புண்ணியமாகப் போகும்.