இடுப்பு ஆபரேஷன் முடிஞ்ச அம்மாவ எங்க வச்சுப் பாத்துக்கறதுங்க?

கோவைக்காரன்:
அம்மாவுக்கு 74 வயசுங்க. பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு பாதி மூட்டு மாத்திருக்காங்க, நாளன்னிக்கு டிஸ்சார்ஜ். நானும் வீட்டுக்காரியும் வேலைக்குப் போறோம், வீட்ல ஆள் போட்டுப் பாக்கறதா இல்ல ஒரு மாசம் நடக்கப் பழக்கி விடற ரீஹேப் சென்டர்ல சேக்கறதா, முதியோர் இல்லத்துலயும் கொஞ்ச நாள் வச்சுக்குவாங்கங்கறாங்க, அத சொன்னதுக்கே அக்கா போன்ல ஒரே அழுகை. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

மீனாட்சி பட்டணம்:
எங்க அத்தைக்கு வீட்லதான் பாத்தோம். ஏஜென்சில இருந்து ரெண்டு வாரத்துல மூணு பேர் மாறுனாங்க. மூணாவதா வந்த பொண்ணு தங்கமான பொண்ணுதான், ஆனா அத்தை வலிக்குதுன்னாலே பாவம் பாத்து படுக்க வச்சுரும். ஒருநாள் உடம்பு துடைக்கிறப்போ நடுமுதுகுக்குக் கீழ ஒரு ரூபா காசு சைஸ்ல செவந்து கிடக்கு, அமுக்குனாலும் செவப்பு போகல, படுக்கைப் புண் ஆரம்பம்னு டாக்டர் சொன்னாரு. அப்புறம் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க அலாரம் வச்சுத் திருப்பிப் படுக்க வச்சோம். ஆள் போட்டாலும் மேல நின்னு பாக்க ஒருத்தர் வேணும்ங்க.

பிசியோ தம்பி:
இந்த ஆபரேஷனுக்கு பெரும்பாலும் மறுநாளே வாக்கர் பிடிச்சு நிக்க வச்சிருவாங்க, அந்த நடைய விட்டுறக் கூடாது. டாக்டர் சொல்ற வரைக்கும் சம்மணம், தாழ்வான ஸ்டூல், இந்தியன் டாய்லெட் எதுவும் வேண்டாம். முதியோர் இல்லம் தானா நடக்கறவங்களுக்கு சரி, இப்ப அம்மாவுக்கு வேண்டாம்ங்கறது என் கருத்து. சென்டர் பாக்கப் போனா ஏசி, டிவிய விடுங்க, ஒரு நாளைக்கு எத்தன தடவ நடக்க வைப்பீங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம் வந்தா யாரு கூட்டிட்டுப் போவான்னு கேளுங்க. வீடுன்னா மக்களைத் தேடி மருத்துவம்ங்கற அரசுத் திட்டத்துல பிசியோ வீட்டுக்கே வருவாங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க, தினமும் வருவாங்கன்னு நம்பி இருக்காதீங்க.

பாலிசி பாண்டி:
இன்சூரன்ஸ நம்பி சென்டர்ல சேக்காதீங்க ப்ரோ, பாலிசி புக்ல காசு தர மாட்டோம்ங்கற பட்டியல்ல எக்ஸ்க்ளூஷன் 5 படிங்க, ரெஸ்ட் க்யூர் (ஓய்வெடுக்கச் சேர்றது), ரீஹாபிலிடேஷன்னு போட்டிருக்கும். டிஸ்சார்ஜுக்கு அப்புறம் மருந்து, டெஸ்ட், டாக்டர் பீஸ் மாதிரி செலவு குறிப்பிட்ட நாள் வரைக்கும் தருவாங்க, அது பாலிசிக்கு பாலிசி மாறும்.

கோவைக்காரன்:
நன்றிங்க. ரெண்டு சென்டருக்குப் போன் போட்டேன். அந்த ராத்திரி கேள்விய கேட்டதும் முதல் ஆளு, "டயப்பர் மட்டும் நீங்க வாங்கிக் குடுத்துருங்க சார்"ங்கறாரு. இன்னொரு எடத்த நாளைக்கு நேர்ல பாக்கறோம், அக்காவும் வருது.