ஊமைப் படத்தில் கவிதையை எப்படிக் கேட்க வைப்பது?

சிப்புட்வாசி:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம், எங்கள் தோட்டத்துப் பாலாய் ராயாவில் (பொது மண்டபத்தில்) சனிக்கிழமை இரவு இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் போடுகிறோம். 1910 வாக்கில் பிரான்சில் எடுத்த ஊமைப் படம், பிரெஞ்சுப் புரட்சியில் தலை போன கவிஞர் ஆந்த்ரே ஷெனியேயைப் பற்றியது. நேற்று போட்டுப் பார்த்தேன், ஆட்கள் எல்லாரும் விறுவிறுவென்று ஓடுகிறார்கள், நடுவில் வரும் எழுத்து அட்டை பிரெஞ்சில் இருக்கிறது. கவிஞர் கதை, ஆனால் ஒரு வரி கவிதை காதில் விழவில்லை. அவரை எதற்குக் கொன்றார்கள் என்றும் புரியவில்லை. பிள்ளைகளுக்கு என்ன சொல்வேன்?

பழைய ஆப்பரேட்டர்:
தம்பி, நான் தோட்டம் தோட்டமாகப் போய் வெள்ளைத் துணி கட்டிப் படம் ஓட்டியவன். அந்தக் காலத்துக் கேமராவைக் கையால் சுற்றுவார்கள், விநாடிக்கு 16, 18 படம்தான் பதியும். அதை இப்போதைய வேகத்தில், விநாடிக்கு 24 படமாக ஓட்டினால் ஓட்டமாகத்தான் தெரியும். வேகத்தை 0.7 அளவுக்கு இறக்குங்கள், நடை நடையாக வரும்.

லயத்து டீச்சர்:
ஷெனியே புரட்சிக்கு எதிரி இல்லை, முதலில் வரவேற்றவர். அப்புறம் ஜேக்கபின்கள் என்ற தீவிரப் புரட்சிக் குழுவின் வன்முறையைப் பத்திரிகையில் கடுமையாகத் தாக்கி எழுதினார், அதை அவர்கள் மறக்கவில்லை. 1794 மார்ச்சில் பிடித்து சான் லசார் சிறையில் போட்டார்கள். உள்ளே சின்னச் சின்னக் காகிதத் துண்டில் பொடி எழுத்தில் எழுதி, அழுக்குத் துணிக்குள் சுருட்டி அப்பாவுக்கு அனுப்பினார். இதைக் கட்டாயம் சொல்லுங்கள், முடிந்தால் ஒரு துண்டுக் காகிதத்தை அந்த மாதிரி மடித்தே காட்டுங்கள். ஜூலை 25 அன்று கொன்றார்கள், வயது 31. இரண்டே நாளில் ஜேக்கபின்களின் தலைவர் ரோபஸ்பியர் கவிழ்ந்தார். படிக்கும்போதெல்லாம் மனசு ஆறமாட்டேன் என்கிறது ஐயா, இரண்டு நாள்! கவிதைகள் புத்தகமாக வந்தது 1819-ல்தான்.

கவிதை கேட்க வேண்டுமென்றால் நீங்களே வாசியுங்கள். கூடச் சிறையிலிருந்த ஓர் இளம்பெண் பேசுவதுபோல் எழுதியது ஒன்று உண்டு. முளைக்கும் கதிரை அரிவாள் தொடாமல் முற்ற விடுகிறது என்று தொடங்கி, ‘நான் இன்னும் சாக விரும்பவில்லை’ என்பாள். அவள் தப்பிவிட்டாள். சிறைக் காட்சியில் படத்தை நிறுத்தி, விளக்கை அணைத்துவிட்டு, இதைத் தமிழில் சொல்லுங்கள்.

சிப்புட்வாசி:
டீச்சர், ஆப்பரேட்டர் ஐயா, ரொம்ப நன்றி. 0.7-ல் போட்டேன், இப்போது முகம் தெரிகிறது. அட்டைகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண்ணின் வரியை நான்தான் வாசிப்பேன் என்று படிவம் மூன்று பிள்ளை ஒன்று இப்போதே கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டது.