மெதோட்ரெக்ஸேட்டும் ஃபோலிக் அமிலமும் ஒரே துண்டில் எழுதியிருக்கிறார்கள், ஏன்?

வெள்ளவத்தை மகள்:
அம்மாவுக்கு மூட்டுவாதம். மெதோட்ரெக்ஸேட் குளிசையைக் கிழமைக்கு ஒரு நாள் போடச் சொல்லி, வேறொரு நாளுக்கு ஃபோலிக் அமிலமும் எழுதியிருக்கிறார்கள். பெட்டிக்குள் இருந்த தாளை வாசித்தால் அது புற்றுநோய் மருந்தாம், ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்குமாம். தடுத்துவிட்டு அதையே திரும்பக் கொடுப்பது என்ன கணக்கு? அம்மா தாளை எட்டிப் பார்த்ததிலிருந்து "எனக்கு கான்சரா?" என்று கேட்டபடி இருக்கிறார். கிளினிக்கில் விளக்கமாகக் கேட்க முடியவில்லை, பின்னால் அவ்வளவு சனம்.

பாமசி அண்ணா:
முதலில் ஒன்று. கிழமைக்கு ஒரு நாள் என்றால் ஒரு நாள்தான். தவறுதலாகத் தினமும் போட்டு உயிர் போனவர்கள் இருக்கிறார்கள். கலண்டரில் அந்த நாளை வட்டம் போட்டு வையுங்கள். மற்றதை விஷயம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

நீலக்குழாய்:
பிள்ளை, அம்மாவுக்குக் கான்சர் இல்லை என்று முதலில் சொல்லுங்கள். மூட்டுவாதத்துக்குக் கொடுப்பது சிறிய அளவு. அந்த அளவில் மருந்து வீக்கத்தைத் தணிப்பது பெரும்பாலும் வேறு வழியால் என்றுதான் கருதுகிறார்கள். அதனால் ஃபோலிக் அமிலம் போட்டாலும் பலன் பெரிதாகக் குறையாது. வாய்ப்புண், குமட்டல், ஈரல் பாதிப்பு குறையும்.

கான்சரில் கதை வேறு. கலம் (செல்) பிரிய டி.என்.ஏ வேண்டும், டி.என்.ஏ கட்ட ஃபோலேட் என்ற விற்றமின் வேண்டும்; ஃபோலிக் அமிலம் அதன் ஒரு வடிவம். மெதோட்ரெக்ஸேட் பார்வைக்கு அந்த விற்றமின் மாதிரியே இருக்கும். ஓரிடத்தில் ஒட்சிசனுக்குப் பதில் நைதரசன், இன்னோரிடத்தில் ஒரு மெதயில் கூட்டம், அவ்வளவுதான் வித்தியாசம். ஃபோலேட்டை வேலைக்குத் தயார் செய்யும் நொதியம் (என்சைம்) ஏமாந்து அதைப் பிடித்துக்கொள்ளும். அவசரமாகப் பிரிகிற கலம் முதலில் விழும். மிகப் பெரிய அளவில் ஏற்றும்போது, நல்ல கலங்களைக் காப்பாற்றப் பின்னாலேயே ஃபோலினிக் அமிலமும் (ஃபோலேட்டின் இன்னொரு வடிவம், அந்தத் தடையைத் தாண்டி வேலை செய்யும்) கொடுப்பார்கள்.

இந்த மருந்து வந்த கதைக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திரத்தில் பிறந்து, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். நான் கம்பஸில் செய்முறை வகுப்பு நடத்திய காலம் முழுக்க அவர் பெயரைத்தான் கரும்பலகையில் எழுதினேன்: ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை, 1925, பொஸ்பரசை அளக்கும் வழி. பொஸ்பேற்றுக்கு அமோனியம் மொலிப்டேற்று விட்டு, தாழ்த்தியை (இலத்திரன் கொடுக்கும் பொருளை) சேர்த்தால் சோதனைக்குழாய் மெல்ல நீலமாகும். எவ்வளவு நீலமோ அவ்வளவு பொஸ்பரசு. பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். ஆனால் இப்படி அளந்துதான் ஹாவார்டில் அவரும் ஃபிஸ்க்கும் தசையில் பொஸ்போகிரியேற்றினைக் கண்டார்கள், அப்புறம் ஏ.டி.பி. இரண்டும் கலத்துக்குச் சக்தி கொடுக்கும் பொஸ்பேற்றுச் சேர்மங்கள். இவ்வளவுக்கும் ஹாவார்ட் அவருக்கு நிரந்தரப் பதவி கொடுக்கவில்லை. எனக்கு அதில் இன்னும் கோபம்தான்.

1940இல் லெடர்லி மருந்துக் கம்பனிக்குப் போனார். அங்கே அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தது, பிறகு அதன் எதிரியையும் செய்தது. அமினொப்டெரின் என்ற அந்த மருந்தை பொஸ்டனில் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்து 1948இல் எழுதினார்: 16 பேரில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அதுவரை அந்தப் பிள்ளைகளுக்கு யாரிடமும் ஒன்றும் இருக்கவில்லை. மெதோட்ரெக்ஸேட் இதன் தம்பி. சுப்பாராவ் அதே வருடம் ஆகஸ்டில் காலமானார், வயது 53.

கொட்டாஞ்சேனைக் கிழவன்:
யானைக்கால் குளிசையும் இவருடைய ஆய்வுக்கூடத்தில் வந்ததுதானே? சின்ன வயதில் இரவில் வீட்டுக்கு வந்து விரலில் குத்தி இரத்தம் எடுப்பார்கள்.

நீலக்குழாய்:
ஓம் ஐயா, அதேதான், ஹெட்ரசான். யானைக்காலைக் கொடுக்கும் புழுவின் குஞ்சு இரவில்தான் இரத்தத்தில் ஓடித் திரியும், அதனால்தான் அந்த நேரம். 2016இல் இலங்கையில் யானைக்கால் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. கொழும்பில் அந்தக் குளிசையை விழுங்கியவர்களில் எத்தனை பேருக்கு இந்த மனிதரைத் தெரியும்?

வெள்ளவத்தை மகள்:
நன்றி சேர். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், கொஞ்சம் அமைதி. இப்போது அடுத்த கேள்வி: காலையில் சுடுதண்ணீரில் மாமைட் (ஈஸ்ட் சாற்றுப் பசை) கரைத்துக் குடிப்பார். அதிலும் ஃபோலிக் அமிலம் இருக்கிறதாமே, நிறுத்தவா?

நீலக்குழாய்:
இருக்கிறதுதான். பம்பாயில் கர்ப்பிணிகளின் இரத்தச்சோகையை லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் மாமைட் கொடுத்து மாற்றியதாக 1931இல் எழுதினார். ஃபோலேட்டைத் தேடும் ஓட்டமே அங்கேதான் தொடங்கியது. அம்மா குடிக்கிறார் என்பதை அடுத்த கிளினிக்கில் சொல்லி வையுங்கள். எனக்கென்றால் அதிலுள்ள உப்புதான் கவலை. அம்மாவுக்குப் பிரஷர் இருக்கிறதா?