குறியீட்டு ஊடாட்டவாதம்: மீடா, புளூமரா?

கேள்வி: மனிதர்கள் ஒருவரோடொருவர் பழகும்போதுதான் பொருள்கள் (அர்த்தங்கள்) உருவாகின்றன என்னும் சமூகவியல் கோட்பாடான குறியீட்டு ஊடாட்டவாதத்துக்கு, ஜார்ஜ் ஹெர்பர்ட் மீடைத்தான் தந்தை என்கிறது பாடநூல். ஆனால் அந்தப் பெயரே அவர் வைத்ததில்லையாமே? தேர்வில் எப்படி எழுதுவது?

பதில் 1: கருத்து மீடுடையது, பெயர் அவர் மாணவர் ஹெர்பர்ட் புளூமருடையது. மீட் 1931-ல் இறந்துவிட்டார். அவர் பேரில் 1934-ல் வந்த நூல், அவருடைய சிகாகோ பல்கலைக்கழக வகுப்புகளில் எடுத்த குறிப்புகளைத் தத்துவ அறிஞர் மோரிஸ் தொகுத்தது. அதனால் ஒவ்வொரு வரியையும் மீடின் சொல்லாக மேற்கோள் காட்டாதீர்கள். 1937-ல் புளூமர் பெயர் சூட்டினார். எதற்கும் நாம் தரும் பொருளை (அர்த்தத்தை) வைத்தே செயல்படுகிறோம், அது ஊடாட்டத்தில் பிறக்கிறது, விளக்கிக்கொள்ளும்போது மாறுகிறது என்ற மூன்று அடிப்படைகளும் அவருடைய 1969 நூலில் உள்ளவை; மீட் தலையில் கட்ட வேண்டாம்.

பதில் 2: சார்லஸ் கூலி என்ற சமூகவியலாளரை விட்டுவிட்டீர்களே! 1902-லேயே அவருடைய ‘கண்ணாடித் தன்னிலை’ வந்தாயிற்று. பிறர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறோம், அவர்கள் என்ன நினைப்பார்கள், அதனால் நமக்குப் பெருமையா வெட்கமா என மூன்று படிகள்.

பதில் 3: இதே கோட்பாட்டின் ஐயோவா பல்கலைக்கழகப் பிரிவையும் சேருங்கள். புளூமர் அளவீட்டை நம்பாதவர். ஐயோவாவின் மான்ஃபோர்ட் கூன் நேர் எதிர். 1954-ல் மெக்பார்ட்லண்டோடு வெளியிட்ட சோதனையில் ‘நான் யார்?’ என்பதற்கு 12 நிமிடத்தில் 20 விடைகள் எழுத வேண்டும். ‘மாணவன்’ என்றால் சமூகம் அறிந்த அடையாளம், ‘சோம்பேறி’ என்றால் விளக்கம் தேவைப்படும் விடை. இரண்டையும் பிரித்து எண்ணுவார்கள். சமூகவியலாளர் கோஃப்மனைக் குறியீட்டு ஊடாட்டவாதி என்ற பெட்டியில் அடைக்காதீர்கள், அவருக்கே அந்த முத்திரை பிடித்ததில்லை.