மூஸ் தோல் பசையில் ஒட்டிய புரொப்பெல்லர் தாங்குமா?

வான்பித்தன்:
1921 மார்ச். கனடாவின் வடக்கே, மெக்கன்சி ஆற்றோர ஃபோர்ட் சிம்ப்சன். இம்பீரியல் ஆயில் நிறுவனத்தின் 'ரெனே' என்ற ஜங்கர்ஸ் விமானம் பனியில் இறங்கும்போது குப்புறக் கவிழப்போய், முன்னால் சுழலும் விசிறியான புரொப்பெல்லர் உடைந்தது. கூட வந்த 'விக்' விமானத்தின் புரொப்பெல்லரை அதில் மாட்டிக் கிளப்பினார்கள். அதுவும் போச்சு! கடைசியில் சறுக்குவண்டிப் பலகையை மூஸ் என்ற பெரிய மானின் தோல் பசையால் ஒட்டி, புதிதாகச் செதுக்கிப் பறந்தார்களாம். நம்பலாமா?

இழைப்புளி:
தாராளமாக. முப்பது வருடமாக மரவேலை செய்கிறேன், பசையைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரம்தான் அது. அந்தக் காலத்தில் தொழிற்சாலைப் புரொப்பெல்லர்களையே பெரும்பாலும் அப்படித்தான் ஒட்டினார்கள். வச்சிரத்துக்கு எதிரி ஈரம். உறைபனி ஊரின் வறண்ட காற்றில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் சூடு ஆறுவதற்குள் ஒட்டியாக வேண்டும். குளிர்ந்த பலகையில் தடவினால் அந்த நொடியே கூழாகிவிடும், பிடிக்காது. பலகையை அடுப்போரம் வைத்துச் சூடேற்றித்தான் நான் தடவுவேன்.

பலகை ஓக். அதுவும் பதப்பட்ட பழைய மரம், பச்சை மரம் என்றால் முறுக்கிக்கொள்ளும்.

நான் வியப்பது செதுக்கலைத்தான். மெக்கானிக் வில்லியம் ஹில்லும், ஹட்சன்ஸ் பே என்ற வணிகக் கம்பெனியின் தச்சர் வால்டர் ஜான்சனும் உடைந்ததையே மாதிரியாக வைத்துச் செய்தார்கள். நடுவிலிருந்து நுனிவரை சாய்வு மாறிக்கொண்டே போகும். இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுபோல வர வேண்டும். நடுத்துளையில் கம்பியைச் செருகித் தொங்கவிட்டால் கனமான பக்கம் கீழே சாயும். அதைத் துளித்துளியாகத் தேய்க்க வேண்டும். ஒரு கைப்பிடிச் சீவல் அதிகம் போனால், அடுத்த பக்கத்திலும் போக வேண்டும். பாவம், எத்தனை தடவை தொங்கவிட்டார்களோ!

வான்பித்தன்:
சரி, பறந்ததா?

பனிக்கரடி:
பறந்தது. ஏப்ரல் 24 அன்று விமானி ஃபுல்லர்டன் அதை மாட்டி 'விக்'கைப் பீஸ் ரிவர் ஊருக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஆற்றுப் பனி உடையும் நேரம், இன்னும் தாமதித்திருந்தால் சக்கரத்துக்குப் பதில் மாட்டிய சறுக்குக்கட்டையோடு ஓட இடமே இருந்திருக்காது. அவர்கள் செய்த புரொப்பெல்லர் ஒட்டாவா விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இழைப்புளி:
அப்படியா! பக்கவாட்டில் ஒட்டுக்கோடு தெரிகிற மாதிரி யாராவது படம் எடுத்திருந்தால் போடுங்கள்.